ஒரு ரைல்சுக்கு ஒரு லொறி

வா மருமோன், இரு. உன்ரை பாத்றூம் சுவரிலை ஒரு ரைல்ஸ் வெடிச்சுப் போச்செண்டும், அதுக்காக நாலு சுவரையும் உரிக்கப் போறாய் எண்டும் நீர்வேலிச் சந்தித் தேத்தண்ணிக் கடையிலை கதை. ஸ்காபரோவிலை இருக்கிற கொண்ணன் வற்சப்பிலை பாத்திட்டு, "அடிச்சு நொருக்கடா, காசை நான் போடுறன்" எண்டானாம். போடுவான். கொண்ணன் நல்ல பெடியன். காசு போடுறவன்ரை மூக்குக்குள்ளை தூசி போகாது, அது அவன்ரை அதிட்டம்.

மேசன் என்ன சொன்னவன்? "அண்ணை, ஒண்டைக் கழட்டினால் பக்கத்திலை இருக்கிறதும் கூட வந்திடும். முழுக்க உடைச்சால்தான் பினிசிங் வரும்." சொல்லுவான்தானே. ஒரு ரைல்ஸ் ஒட்டினால் அரைநாள் கூலி. பாத்றூம் முழுக்கவெண்டால் நல்லூரிலை கொடி ஏறி, இருபத்தஞ்சு நாள் திருவிழா முடிஞ்சு, கொடி இறங்கும் மட்டும் அவன் வீட்டிலை அடுப்பெரியும். அவன்ரை இடத்திலை நான் இருந்தாலும் உதைத்தான் சொல்லியிருப்பன், இன்னும் கொஞ்சம் உருக்கமாய்ச் சொல்லியிருப்பன்.

என்ரை கதை வேறை. ஒரு ரைல்ஸ் மாத்திறதுக்கு உனக்கு ஒரு சனிக்கிழமையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் காணும். கோழி மேய்க்கிறதெண்டாலும் கோறணமேந்திலை மேய்க்கோணும் எண்டு கொம்மா உன்னைக் கச்சேரிக் கதிரையிலை கொண்டுபோய் இருத்தினவள். அதாலை உளி பிடிக்க ஏலாமல் போனது கை. வாய்க்கு ஒரு குறையுமில்லை. பறுவாயில்லை, கையைப் பழக்கலாம்.

உங்கடை காலத்துப் பிள்ளையளுக்குச் சீமெந்தின்ரை அருமை தெரியாது. ஜீ. ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் மந்திரியா இருக்கேக்கை, 1950இலை, காங்கேசன்துறையிலை சீமெந்துத் தொழிற்சாலை ஓடத் தொடங்கினது. சுண்ணாம்புக்கல் எங்கடை நிலத்துக்குக் கீழையே கிடந்தது. களிமண் முருங்கனிலை இருந்து றெயிலிலை வந்தது. தெற்கிலை கட்டின எத்தினையோ கட்டடத்துக்கு எங்கடை கல்லுத்தான் பொடியாகிப் போனது. 1990இலை சண்டையோடை தொழிற்சாலை மூடுபட்டது. அதோடை பொருளாதாரத் தடை வந்து, யாழ்ப்பாணத்துக்குள்ளை கொண்டுவரக் கூடாத சாமான்களின்ரை பட்டியலிலை சீமெந்தும் ஏறிச்சுது. காலுக்குக் கீழை ஊர் முழுக்கச் சீமெந்துக் கல்லு, கையிலை ஒரு பேணி சீமெந்து இல்லை. மண்ணெண்ணெயிலை மோட்டச்சைக்கிள் ஓட்டி, ஜாம் போத்தலிலை விளக்குச் செய்து படிச்ச சனம் நாங்கள். உடைஞ்சதைக் கண்டால் என்னத்தாலை ஒட்டலாம் எண்டுதான் முதல் யோசிப்பம். அந்தச் சனத்தின்ரை பிள்ளை, ஒரு ரைல்சுக்கு ஒரு லொறி கல்லும் மண்ணும் ஏத்திப் பறிக்கப் போறான்!

சரி, விசயத்துக்கு வாறன். முதல் வேலை, உடைக்கிறதில்லை. தட்டுறது. ஒரு பத்து ரூபாக் குத்தியை எடு. வெடிச்ச ரைல்சிலை தட்டாதை, அது செத்த பிணம். அதைச் சுத்தி இருக்கிற எட்டையும் ஒவ்வொண்டாத் தட்டு. மூலையிலை ஒருக்கா, நடுவிலை ஒருக்கா. இறுக்கமாய், கட்டையாய் ஒரு சத்தம் வந்தால் அது சுவரோடை குடும்பம் நடத்துது. பொள்ளலாய், உள்ளுக்கை ஆரோ இருமுற சத்தம் வந்தால் பின்னாலை வெறும் காத்து. எங்கடை மேசன்மாரிலை சில பேர் ரைல்சின்ரை பின்பக்கத்திலை நாலு மூலைக்கு நாலும் நடுவுக்கு ஒண்டுமாய்ச் சாந்து உருண்டை வைச்சு, சுவரிலை ஒரு அமத்து அமத்திவிட்டுப் போயிடுவினம். மற்ற இடமெல்லாம் வெறுமை. அதுக்குள்ளை தண்ணி இறங்கும், எறும்பு குடியேறும். ஒரு நாளைக்கு வாளி இடிபட்டவுடனை படக்கெண்டு வெடிக்கும். வீட்டுக்காரன் வாளியைப் பேசுவான்.

ஒண்டு ரெண்டு மட்டும் பொள்ளல் எண்டால் சந்தோசம். ஒரு சுவர் முழுக்க இருமிச்சுது எண்டால், மருமோன், அப்ப மேசன் சொன்னது சரி, கொண்ணன்ரை காசைக் கூப்பிடு. நான் நியாயமான மனிசன்.

இனி, ஏன் வெடிச்சது? நீ சொல்ல மாட்டாய், நான் சொல்லுறன். வெடிச்ச ரைல்சின்ரை நடுவிலை ஒரு ஓட்டை இருக்கு. அந்த ஓட்டையிலை ஒரு துவாய்க் கம்பி தொங்குது. போன வருசப்பிறப்புக்கு முதல் நாள் நீ வாங்கின புது ட்றில்லை எல்லாருக்கும் காட்டினனி. சுவரைக் குத்துற விசையை நிப்பாட்டாமல் கண்ணாடிப் பூச்சிலை டகடகவெண்டு குத்தினால் அது வெடிக்காமல் தேவாரமே பாடும்? ரைல்சிலை ஓட்டை போடேக்கை குத்து விசையை நிப்பாட்டிப்போட்டு, சுத்து விசையை மட்டும் வைச்சு, கண்ணாடி துளைக்கிற பிற்றைப் போட்டு, போடுற இடத்திலை ஒரு துண்டு ரேப் ஒட்டி, மெல்லமாய்த் தண்ணி விட்டு விட்டுத் துளைக்க வேணும். விளிம்பிலை துளைக்கப்படாது. ஒட்டுற இடைவெளியிலை கம்பி பிடிக்க ஏலுமெண்டால் அதுதான் கெட்டித்தனம்.

உன்ரை ட்றில் காரணமில்லை எண்டு நீ சத்தியம் பண்ணினால், நான் நம்பின மாதிரி நடிக்கிறன். அப்ப குழாயைப் பார். சுவருக்கு மற்றப் பக்கம் சாமியறையிலை பெயின்ற் கொப்பளிச்சுக் கிடக்கோ? எங்கடை ஊரிலை மீற்றர் பாத்து ஒழுக்குப் பிடிக்க ஏலாது, கனபேருக்குக் கிணறும் தாங்கியும்தான். இரவு மோட்டரைப் போட்டுத் தாங்கியை நிரப்பு. தண்ணி நிக்கிற மட்டத்திலை ஒரு கோடு கீறு. கொமட்டுக்குத் தண்ணி போற வால்வை மூடு, எல்லாப் பைப்பையும் பூட்டு, படு. விடியப் பாக்க மட்டம் இறங்கியிருந்தால் உள்ளுக்கை எங்கையோ ஒழுகுது. ஒழுக்கை அடைக்காமல் புது ரைல்ஸ் ஒட்டினால், அடுத்த வருசமும் நீ இந்தக் கதிரையிலை வந்து இருப்பாய்.

அடுத்தது, அதே ரைல்ஸ் எங்கை எடுக்கிறது? கொப்பர் வீடு கட்டி முடிக்கேக்கை அரைப் பெட்டி மிஞ்சினது, நான் கண்ணாலை கண்டனான். இப்ப எங்கை கிடக்கு? உன்ரை கோழிக்கூட்டுக்குத் தரை! ஊரிலையே வழுவழுத்த மாபிள் போட்ட கூடு உன்ரை கோழியளுக்குத்தான். சரி, வெடிச்சதைக் கழட்டினாப் பிறகு பின்பக்கத்தைக் கழுவிப் பார். செய்தவன்ரை பேர் அச்சடிச்சிருக்கும். லங்கா வோல்ரைல்ஸ் 1975இலை தொடங்கின கொம்பனி, அந்தப் பேர் கன வீட்டுச் சுவருக்குப் பின்னாலை கிடக்கும். அந்தத் துண்டை உரப்பைக்குள்ளை போட்டுக்கொண்டு ஸ்ரான்லி றோட்டுக் கடையளிலை ஏறி இறங்கு. படத்தைப் போனிலை காட்டாதை. போன் வெள்ளையை நீலமாய்க் காட்டும், கடைக்காரன் மஞ்சளைத் தருவான். அளவையும் கோலாலை அளந்து கொண்டு போ. ஆறங்குலச் சதுரம் எண்டு முந்திப் போட்டது இப்ப எடுக்கிறது கஷ்டம், எட்டுக்குப் பன்னிரண்டும் ஒண்டுக்கு ரெண்டு அடியும்தான் கடையிலை கூட.

ஒரே கொம்பனி, ஒரே பேர் எண்டாலும் நம்பாதை. சூளையிலை ஒவ்வொரு முறை சுடேக்கையும் நிறம் ஒரு நூல் கூடும் குறையும். அதுக்குத்தான் பெட்டியிலை சேட் நம்பர் எண்டு ஒண்டு அடிச்சிருக்கிறாங்கள். அதோடை 2020இலை ரைல்ஸ் இறக்குமதியை நிப்பாட்டினாங்கள், 2022இலை இருநூறு ரூபா டொலர் முன்னூற்று அறுபதுக்கு ஏறினது. அந்த அமளிக்குள்ளை எத்தினை டிசைன் கடையிலை இருந்து காணாமல் போச்செண்டு கடைக்காரருக்கே தெரியாது.

கிடைக்கவில்லை எண்டால் ஒரு கள்ள வழி இருக்கு. கிட்ட வா, மனிசிக்குக் கேக்கப்படாது. முகம் பாக்கிற கண்ணாடிக்குப் பின்னாலை இருக்கிறது ஆருக்குத் தெரியும்? வாசிங் மெசினுக்குப் பின்னாலை? அங்கை இருந்து, பொள்ளல் சத்தம் வாற ஒண்டைப் பாத்து மெல்லக் கழட்டி முன்னுக்குக் கொண்டுவா. முன்னுக்கு இருந்த ஓட்டைக்கு ஆளைக் காட்டுற ரைல்ஸ், பின்னுக்கு இருந்த ஓட்டைக்கு என்னத்தையும் போடு. பெரிய குடும்பங்கள் கலியாணத்துக்குப் படம் எடுக்கிறதும் இந்த ஏற்பாட்டிலைதான்.

அதுக்கும் மனமில்லையோ? நாலைஞ்சைக் கழட்டி, வேணுமெண்டே வேறை நிறத்திலை ஒரு வரிசை போடு. கேட்டால் "டிசைன்" எண்டு சொல்லு. ஒரு ரைல்ஸ் மட்டும் நிறம் மாறினால்தான் ஊர் அதைப் பிழை எண்டு சொல்லும்.

வெடிக்கவில்லை, விளிம்பிலை ஒரு பொட்டுத்தான் போனது எண்டால் இவ்வளவு பாடும் வேண்டாம். ரெண்டு குழாயிலை வாற வெள்ளை எப்பொக்சியைக் குழைச்சு அடைச்சு, காய்ஞ்சாப் பிறகு உப்புத்தாளாலை தேய்ச்சு விடு. மேலாலை உன்ரை மகளின்ரை நிறமில்லாத கியூரெக்ஸ் ஒரு பூச்சு. கேட்டு எடு, களவெடுக்காதை.

இனி உடைப்பு. பாத்றூமுக்குப் போற கறண்டை நிப்பாட்டு. பைப் எங்கை இருக்கோ அதுக்கு நேர் மேலையும் கீழையும் குழாய் ஓடும், அந்தக் கோட்டிலை உளியை ஆழமாய் விடாதை. தண்ணி போற ஓட்டையைப் பழைய சாரத்தாலை அடை, இல்லாட்டி துண்டெல்லாம் உள்ளுக்கை போய் அடுத்த வேலை ஒண்டு தொடங்கும். காலுக்குச் சப்பாத்து. கண்ணுக்கு? உன்ரை மோட்டச்சைக்கிள் ஹெல்மெற்றைக் கண்ணாடி இறக்கிப் போடு. பொலிஸ் நிக்கிற சந்தியிலை மட்டும் போடுற சாமான், ஒருக்கால் வீட்டிலையும் உதவட்டும். ரைல்ஸ் சில்லு கண்ணாடிச் சில்லுத்தான், கண்ணுக்குள்ளை போனால் ஒட்டுற பசை கடையிலை விக்கிறேல்லை.

முதல் உளி வேண்டாம். ஒரு அக்சோ பிளேட் துண்டை எடுத்து, சுத்தவர இடைவெளியை அடைச்சிருக்கிற கிறவுட்டைச் சுறண்டு. நாலு பக்கமும், முழு ஆழத்துக்கு. இதிலைதான் எல்லாரும் அவசரப்படுறது. கிறவுட் இருக்கும் மட்டும் வெடிச்சவனும் பக்கத்து வீட்டுக்காரனும் கைகோத்துக்கொண்டு நிக்கினம், ஒருத்தனுக்கு அடிச்சால் மற்றவனுக்கும் வலிக்கும். மேசன் "பக்கத்திலை இருக்கிறதும் வரும்" எண்டு சொன்னதின்ரை சூட்சுமம் முழுக்க இதுதான், கிறவுட்டைச் சுறண்ட அவனுக்குப் பொறுமை இல்லை. கிறைண்டர் பிடிக்கிறன் எண்டு நிக்காதை. ரெண்டு மில்லிமீற்றர் இடைவெளிக்குள்ளை அந்தத் தட்டை நேராய் ஓட்டிற கை உனக்கு இன்னும் வரேல்லை, உன்ரை ட்றில் வேலையைப் பாத்தனான்.

சுறண்டி முடிஞ்சால் ரைல்சின்ரை நடுவிலை கிட்டக் கிட்ட நாலைஞ்சு ஓட்டை போடு. சின்ன உளியை அந்த ஓட்டைக்குள்ளை வைச்சு மெல்லத் தட்டு. நடுத்துண்டு உதிரும். பேந்து நடுவிலை இருந்து விளிம்பைப் பாத்துப் போ. விளிம்பிலை உளியை விட்டுப் பக்கத்து ரைல்சிலை முண்டுகொடுத்து நெம்பினால், இன்னொரு ரைல்சுக்கும் சேட் நம்பர் தேடவேண்டி வரும். கடைசித் துண்டைக் கையாலை இழுக்காதை, குறட்டாலை பிடி.

இப்ப சுவர் தெரியும். பழைய சாந்து மேடும் பள்ளமுமாய் நிக்கும். அதை ரைல்சின்ரை தடிப்புக்கும் மேலாலை மூண்டு நாலு மில்லிமீற்றர் உள்ளுக்குப் போகும் மட்டும் கொத்தி மட்டமாக்கு. புதுப் பசைக்கும் இடம் வேணும்தானே. அந்த இடத்தை விடாட்டி புதியவன் மூக்கை நீட்டிக்கொண்டு நிப்பான், தோய்ஞ்சுபோட்டு வாற ஒவ்வொருத்தற்றை முழங்கையும் அவனை விசாரிக்கும். பூச்சும் சேர்ந்து விழுந்தால் சாந்து போட்டு அடைச்சு, நாலைஞ்சு நாள் விடு. சாந்துக்குக் கடற்கரை மணலைக் கழுவாமல் போடாதை, தீவுப் பக்கத்து உவர்த் தண்ணியிலை குழைக்காதை. உப்பு ஒரு நாளைக்கு வெள்ளையாய்ப் பூத்துக் கொண்டு வெளியாலை வரும். சுவர் கறுத்து ஈரமாய் இருந்தால் காயும் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு இரு.

ஒட்டிறது எதாலை? சுவர் ரைல்சின்ரை மண், றஸ்க் கணக்காய்த் தண்ணி குடிக்கும். தன்ரை நிறையிலை பத்து வீதத்துக்கு மேலை குடிக்கிற சாதி. அதாலைதான் அந்தக் காலத்து மேசன்மார் வாளித் தண்ணியிலை ஊறப்போட்டுப் பச்சைச் சீமெந்திலை ஒட்டினவை, அது பிடிச்சது. நிலத்துக்குப் போடுற மினுக்கல் போசலின் அரை வீதத்துக்கு மேலை குடியாது, சைவப்பழம். அதைக் கொண்டுவந்து சுவரிலை சீமெந்தாலை ஒட்டினால் சீமெந்து பிடிக்க அதிலை வாயில்லை, கொஞ்ச நாளிலை கழண்டு காலிலை விழும். இப்ப புது வீடு கட்டிற கனபேர் இந்தப் பிழையை விலைகொடுத்து வாங்குகினம். ரைல்ஸ் பசை ரெண்டையும் பிடிக்கும், அதை வாங்கு. அதுக்கு ரைல்சை ஊறப்போடக் கூடாது.

மேசன் ரெண்டு பை பசை எழுதித் தந்தவனோ? ஒரு சதுர மீற்றருக்கு நாலைஞ்சு கிலோ போகும். எட்டுக்குப் பன்னிரண்டு அங்குல ரைல்ஸ் ஒண்டுக்கு முன்னூறு கிராம் காணும். கிலோக் கணக்கிலை பிரிச்சு விக்கிற கடை பார். இல்லாட்டிப் பக்கத்திலை வீடு கட்டிறவையிட்டைப் போய்ச் சிரிச்சுக்கொண்டு ஒரு பேணி கேள். முந்திச் சீமெந்தும் அப்பிடித்தான் கேட்டு வாங்கினது, வெக்கப்படாதை.

பொடியைத் தண்ணிக்குள்ளை போட்டுக் கட்டியில்லாமல் குழை, அஞ்சு நிமிசம் விட்டு இன்னொருக்காக் குழை. சுவரைச் சீலையாலை ஈரம் பண்ணு. பல்லு வைச்ச தகட்டாலை சுவரிலை முழுக்க இழு, ரைல்சின்ரை முதுகிலையும் மெல்லிசாய் ஒரு பூச்சு. உருண்டை வைக்கிற பழக்கம் வேண்டாம். அமத்தி, கொஞ்சம் அங்கையிங்கை ஆட்டி இருத்து. ஒரு நேர்ப்பலகையை மூண்டு ரைல்சுக்கும் மேலாலை பிடிச்சுப் பார், ஆடினால் எங்கையோ மேடு. இடைவெளிக்குச் சிலுவை வாங்க ஓடாதை, தீக்குச்சி காணும், நாலு பக்கமும் ரெண்டு ரெண்டாய்ச் செருகு. வழுக்காமல் ரேப்பாலை பக்கத்து ரைல்சோடை கட்டு. இடைவெளிக்குள்ளை பிதுங்கி வந்த பசையை ஈரம் காய முந்தி வழி. பேந்து ஒரு நாள் அந்தப் பக்கம் போகாதை. குளிக்க வேணுமெண்டால் கிணறு இருக்கு.

கிறவுட்டிலை பழசும் புதுசும் நிறம் ஒத்துவராது. உன்ரை பாத்றூமிலை இருக்கிறது கடையிலை வெள்ளையாய் வந்தது, இப்ப எருமைப் பால் தேத்தண்ணி நிறம். புதுசைக் கொஞ்சம் குழைச்சு ஒரு கடுதாசி மட்டையிலை பூசிக் காயவிட்டுப் பார்த்துப்போட்டுப் போடு. தேய்ஞ்ச பாட்டாச் செருப்பிலை ஒரு துண்டு வெட்டினால் அதைவிட நல்ல தேய்ப்பான் ஒரு கடையிலும் இல்லை. சரிவாய் இழுத்து அடை, நேராய் இழுத்தால் அடைச்சதையே வழிச்சுக்கொண்டு வரும். அரைமணித்தியாலத்துக்குப் பிறகு பிழிஞ்ச பஞ்சாலை துடை. சுவரும் சுவரும் சந்திக்கிற மூலை எண்டால் கிறவுட் வேண்டாம், சிலிக்கோன் பூசு. மூலை அசையும், கிறவுட் அசையாது.

ஒரு முக்கியமான சங்கதி. எங்கடை தண்ணி சுண்ணாம்புக் கல்லுக்குள்ளாலை ஊறி வாற தண்ணி, ரைல்சிலை வெள்ளைப் படை படியும். கொம்மா அதுக்குக் கடையிலை அசிற் வாங்கி ஊத்துறவள். அசிற் அந்தப் படையையும் தின்னும், கிறவுட்டையும் தின்னும், ரெண்டும் ஒரே குடும்பம்தானே. கிறவுட் போனால் தண்ணி பின்னாலை போகும், பின்னாலை போனால் மறுபடி பொள்ளல். குளிச்சு முடிஞ்சாப் பிறகு ஒருக்கால் சுவரைச் சீலையாலை துடைக்கச் சொல்லு. நான் சொன்னதெண்டு சொல்லாதை. அவள் என்ரை தங்கச்சி, என்னட்டைத்தான் வருவாள்.

மேசனைப் பகைக்காதை. "அண்ணை, நீங்கள் ஒட்டின மற்ற சுவர் எல்லாம் அசையேல்லை, இந்த ஒண்டை மட்டும் நான் கெடுத்துப்போட்டன்" எண்டு போய்ச் சொல்லு. அவனே பல்லுத் தகடும் நேர்ப்பலகையும் தருவான், பக்கத்திலை நிண்டு பிழையும் பிடிப்பான். கூலி குடுக்காத மேற்பார்வை. ஆனால் நல்லூர்க் கொடி ஏற முந்திப் போ. ஏறின பிறகு எல்லா வீட்டுக்கும் வெளிநாட்டுச் சனம் வரும், மேசன்மார் எல்லாம் ஜனாதிபதிமார்.

ஓ, அதுதானே உன்ரை அவசரம். கொண்ணன் குடும்பத்தோடை வாறான், பாத்றூம் பளபளக்க வேணும். மருமோன், போனமுறை அவன் வந்து நிண்டதை நான் கண்டனான். படலைக்குள்ளை கால் வைக்கேக்கை பிள்ளையள் வைபை பாஸ்வேர்ட் கேட்டதுகள். அவன் பாத்றூமுக்குள்ளை போகவே இல்லை. சாரத்தைக் கட்டிக்கொண்டு கிணற்றடியிலை நிண்டு துலாவிலை அள்ளிக் குளிச்சு, அதைப் படமெடுத்து ஸ்காபரோ முழுக்க அனுப்பினவன். இந்தமுறையும் அங்கைதான் நிப்பான். அந்தக் கிணற்றடிக் கட்டு வெடிச்சுக் கிடக்கு, கண்டனியே? அதுக்கு ரைல்சும் வேண்டாம், பசையும் வேண்டாம். ஒரு வாளி சாந்து காணும், நாளைக்கு விடியக் கொண்டுவா.